இருபத்தைந்து தசம் நான்கு

பகலில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில்
மதகுகள் வரைகிறவள்.
கந்தளாய் வாய்க்காலின் முழு வளைவும்
என் மேசையில் ஒரு சாணுக்குள் அடங்கும்.
இரவில்
பதினேழு மில்லிமீற்றர் விட்டத்தில்
ஒரு மோதிரம் வெட்ட வழி தெரியாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.

மெஷின் வந்து இரண்டு மாதம்.
கொழும்பில் இறங்கி, லொறியில் வந்தது.
இவ்வளவு பெரிய துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு
எல்லாவற்றுக்கும் லொறியைத்தான் பார்த்திருக்கிறோம்.
சலவை மெஷின் நின்ற மூலையில் இப்போது அது.
சலவை மெஷின் வெளியே, பொலித்தீன் போர்த்தி.
மாவாலையில் இரவு முறை முடிந்து வந்த குகநேசன்
“நானும் மில்லில், நீயும் மில்லில், சோற்றுக்கு ஆர்?” என்றார்.
பிறகு அவரே உலை வைத்தார்.

வரைவதற்கு ஒரு மென்பொருள்,
வரைந்ததை எந்தப் பாதையில் வெட்டுவதென்று
கத்திக்குச் சொல்ல இன்னொன்று.
விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை.

முதலாவது இலவசம்.
அரசாங்கப் படிவம் மாதிரி:
எல்லாம் இருக்கும், வேண்டியது மட்டும்
வேறு பக்கத்தில்.
அது அங்குலத்தில் சொன்னது,
மெஷின் மில்லிமீற்றரில் கேட்டது.
பதினொரு விநாடியில் வேலை முடிந்தது என்றது.
பச்சை மெழுகில் ஒரு கடுகளவு குழி.
“எறும்புக்குக் கலியாணமோ?”
பழைய வரைபடங்களை
அங்குலத்திலிருந்து மாற்றுவதே
என் சம்பளத்தின் பாதி.
வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை.
இப்போது உங்களுக்குச் சொல்லியாயிற்று.

இரண்டாவது, மாதம் எண்பத்தைந்து டொலர்.
பதினான்கு நாள் பார்க்க விட்டார்கள்.
என்ன அழகு!
ஒரு சொடுக்கில் கல், இன்னொரு சொடுக்கில்
கல்லைப் பிடிக்கும் பற்கள்.
திரையில் எல்லாம் தங்கமாய் மினுங்கியது,
ஒன்றும் பிழையில்லை, வெட்டு என்றது.
வெட்டினேன்.
தலைமயிர் தடிப்பான ஊசி, மூவாயிரம் ரூபாய்,
‘டிக்’ என்று ஒரு சத்தம்.
திரையில் மோதிரம் அப்போதும் சுழன்றுகொண்டிருந்தது.

மூன்றாவதை நிஸ்தார் பென் டிறைவில் கொண்டுவந்தார்.
“காசு வேண்டாம். வைரஸ் காவலை மட்டும் நிற்பாட்டுங்கோ.”
நான் வரைந்த மதகொன்று
வேறொருவர் கையொப்பத்தோடு
மாகாண அலுவலகத்தில் இருக்கிறது.
பென் டிறைவைச் சீனி டப்பாவுக்கு மேல் வைத்தேன்.
இன்னும் அங்கேதான்.

நான்காவது எங்கோ ஒரு தனி ஆள் எழுதியது.
சாம்பல் நிறச் சன்னல், குட்டி எழுத்து.
வரையத் தெரியாது, பாதை போட மட்டும் தெரியும்.
ஒருமுறை காசு, அவ்வளவுதான்.
என் மோதிரத்தை அதற்குள் இறக்கினேன்:
உட்துறைமுகத்தின் ஆழக்கோடுகள்
விரலைச் சுற்றி ஓடும் வடிவம்.
அரை நிமிடம் யோசித்தது.
பிறகு கோடுகள் நெருங்குமிடமெல்லாம்
சிவப்புப் பூசி
‘இங்கே கத்தி எட்டாது’ என்றது.

கப்பல் போகிற ஆழத்துக்கு ஊசி போகாது.
எனக்கு ஏனோ சந்தோஷம் வந்தது.
முடியாததை முன்பே சொல்கிறவர்கள்
எங்கள் கந்தோரில் இரண்டு பேர்தான்,
அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

என் வங்கி அட்டை டொலர் என்றதும் மறுத்தது.
ஒஸ்லோவிலிருந்து மச்சாள் கட்டினாள்.
கூலி: இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு.

ஆழமான இரண்டு கோடுகளை அழித்தேன்.
மூன்றாவதை அழிக்க மனம் வராமல்
சற்று மேலே தூக்கிவிட்டேன்.
வெட்டு பாதியில் நிற்கும்போது கரண்ட் போனது.
வெளியே மான்கள் இரண்டு
குப்பைப் பையை இழுக்கும் சத்தம்.
கரண்ட் வந்தபோது
மெஷினுக்குத் தான் எங்கே நின்றோமென்று தெரியவில்லை.
மறுபடி பூச்சியத்திலிருந்து, புது மெழுகில்,
விடிய இரண்டு மணி வரை.

யாருக்கு என்று கேட்கிறார்கள்.
எனக்கு.
இடது கை நடுவிரலுக்கு.

உரிமம் மச்சாள் பெயரில் பதிந்துவிட்டது.
ஒவ்வொரு இரவும் திறக்கும்போது
‘வணக்கம் தர்மிளா’ என்கிறது ஆங்கிலத்தில்.
வணக்கம் என்கிறேன்.